ஆறில் மூன்று

அந்தப் பெண் மணியடிப்பதற்கு முன்பே
சட்டையும் கால்சட்டையுமாக உட்கார்ந்துவிட்டார்.
நான் போட்டுவிட்டது. வராத இடது கையை முதலில் நுழைத்து
அப்புறம் வலது; அதுதான் வரிசை,
மருத்துவமனையில் தாதி சொல்லிக்கொடுத்தது.
தலைகூடச் சீவிவிட்டிருந்தேன்.
பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி இருந்தது
ஈசூனில் எங்கள் மூவறை வீடு.

சுரயா என்று பெயர் சொன்னாள். மலாயில் கேட்டாள்.
தைரியநாதனுக்கு அது துறைமுகத்து மொழி.
முப்பத்தொரு வருஷம் பாரந்தூக்கியின் உச்சியிலிருந்து
கீழே நிற்பவனோடு பேசியது.

"அங்கிள், தனியாகக் குளிக்க முடியுமா?"
"போலே."
"உடுத்த?"
"போலே."
"கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற?"
"போலே, போலே."
முடியும், முடியும்.
முடியாது என்று யாரிடமும் சொன்னதில்லை இந்த மனுஷன்.
இரட்டை முறை வேலைக்கு மேற்பார்வையாளர் கேட்டாலும் போலே,
கடன் கேட்ட சிநேகிதனுக்கும் போலே.
அந்தக் கடன் இன்னும் வரவில்லை.

நான் சமையலறை வாசலில் நின்றேன்.
அன்று காலை ஐந்தே முக்காலுக்குக்
கழிவறைத் தரையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்,
தூக்க முடியாமல் நானும் எழ முடியாமல் அவரும்.
சும்மா இருக்க வேண்டாமே என்று
குறுப்பு மீன் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.
அதைச் சொல்லலாமா?
சொன்னால் காட்டிக்கொடுத்தது ஆகாதா?

சுரயா திரையைப் பார்க்கவில்லை. பித்தான்களைப் பார்த்தாள்.
"சட்டையைக் கழற்றி, திரும்பப் போட்டுக் காட்டுங்கள் அங்கிள்.
அவசரமில்லை."

அவசரமில்லை என்றதுதான் கொடுமை.
முதல் பித்தானுக்கு நான்கு நிமிடம்.
நாற்பதடிப் பெட்டியைக் கப்பலின் வயிற்றுக்குள்
கைக்குட்டை வைப்பதுபோல் வைத்த கை.
அப்புறம், தரையைப் பார்த்து,
"தக் போலே."

குளிக்க, தக் போலே.
நாற்காலிக்கு மாற, சத்தமே இல்லாமல், தக் போலே.
ஆறு காரியங்களில் மூன்று முடியாவிட்டால் போதும் என்றாள்.
போதும் என்ற சொல்லை
அந்த இடத்தில் நான் எதிர்பார்க்கவில்லை.

கடிதங்கள் வர ஆரம்பித்தன.
மெடிசேவிலிருந்து வருஷா வருஷம் கழிந்துபோன எல்டர்ஷீல்டு,
கடிதம் வரும்போதெல்லாம் அவர் உட்கார்ந்து திட்டிய அதே எல்டர்ஷீல்டு,
மாதாமாதம் வங்கிக் கணக்கில்.
இதே அறிக்கையைக் காட்டி
வீட்டுப் பராமரிப்பு மானியத்துக்கும் மனுப் போடலாம் என்றார்கள்.
போட்டேன். பணிப்பெண் வைத்தால் தீர்வையில் சலுகை உண்டாம்.
என் மெடிசேவிலிருந்துகூட அவருக்காக எடுக்கலாமாம்,
அங்காடிக் கடையில் தட்டுக் கழுவிச் சேர்ந்த பணம்,
நான் மறந்தே போனது.
சக்கர நாற்காலிக்கு ஒரு படிவம். குடும்ப வருமானம் கேட்டு ஒன்று.
ஃபேர்பிரைஸ் பை நிறையக் காகிதம்.
ஒன்றில் 'நிரந்தரம்' என்று இருந்தது.
அந்த வார்த்தையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு
மற்றதை அவருக்குப் படித்தேன்.

"ஒரு முடியாதுக்கு இவ்வளவு வருமா?" என்றார்.
"தெரிந்திருந்தால் கல்யாணத்தன்றே சொல்லியிருப்பேனே."

பெரிய பணமில்லை. அரிசிக்கும் அணையாடைக்கும் போய்விடும்.
ஆனால் மகன் பாதி, மானியம் பாதி என்று
ஏப்ரலில் வார்த்தி வந்தாள்.
அவள் ஊரில் போலேக்குப் பீசா என்பார்களாம்.
அன்றிரவு நான் ஆறு மணி நேரம் ஒரே மூச்சில் தூங்கினேன்.
எழுந்து, யாரோ செத்துவிட்டதுபோலப் பயந்தேன்.

ஞாயிறு, பூசைக்கு நேரமாகிறது.
உள்ளேயிருந்து குரல்: "பிலோமி, பித்தான்."
நாற்பத்தெட்டு வருஷத்தில் அவர் கேட்டு நான் செய்த முதல் வேலை.
மற்றதெல்லாம் கேட்காமல் செய்தது.
இரண்டு போட்டேன்.
மூன்றாவதை நானே போடுகிறேன் என்றார்,
போட்டும்விட்டார், கோணலாக.

அதை நான் சுரயாவிடம் சொல்லப்போவதில்லை.